தைல மர நிழலில் புதினா

“இந்த வருஷமும் புதினாவுல எண்ணெய் வரலேன்னா, தம்பியோட துண்டு நிலத்துலயும் தைல மரம்தான்னு உன் ஓரகத்திகிட்ட சொல்லு” என்றார் ஹரிநாம், மனைவி சோனாபதியிடம். ஓரகத்தி ரஜ்வந்தி பக்கத்திலேயே முக்காட்டுக்குள் நின்றிருந்தாள். உத்தரப் பிரதேசத்துப் பாராபங்கியில் தம்பி பெண்டாட்டி மூத்தாரோடு நேராகப் பேசுவதில்லை.

“வந்துச்சுன்னா, என் பயிருக்கு வெயில் விடாம நிக்கிற அவரோட வரப்பு மரத்தையெல்லாம் வெட்டுவாரான்னு கேளுங்க அக்கா.”

ஹரிநாம் சிரித்தார். “வெட்டறேன்னு சொல்லு.”

ரஜ்வந்தியின் புருஷன் லூதியானாவில் ஆலை வேலைக்குப் போய்விட்டான். அந்தத் துண்டும் போனால், அவள் மூத்தார் வீட்டு அடுப்படியில்தான் கையேந்தி நிற்க வேண்டும். அதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தாள்.

ஹரிநாம் அறுப்பு நெருங்கும்வரை புதினா இலைமேல் யூரியாத் தண்ணீர் அடித்தார். பயிர் தளதளவென்று நின்றது. ஊரே மெச்சியது. இலையைப் பார்த்துவிட்டால் எண்ணெயையே பார்த்த மாதிரி இந்த ஊருக்கு, என்ன செய்ய! போன வருஷம் ரஜ்வந்தியும் அப்படி அடித்துத்தான் ஏமாந்தாள். எண்ணெய் காய்ச்சும் கொப்பரை நிறைய இலை, எண்ணெய் மட்டும் பேருக்கு.

இந்த முறை பயிர் இளசாக இருந்தபோதே, வெயில் தாழ்ந்த பிறகு, கொஞ்சமாக அடித்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். தன் பக்கம் கவிந்த கிளைகளை ஏறிக் கழித்தாள். பயிர் குட்டையாகத்தான் நின்றது. கேலி பேசியவர்களுக்குக் குறைவில்லை.

ஊருக்குப் பொதுவான அந்தக் கொப்பரையில் அவள் முறை வந்தபோது வானம் மூடிக்கொண்டது. மழைக்குப் பயந்து ஆளாளுக்கு அறுத்தார்கள்.

“முறையை விட்டுடாதடி, தண்ணி நின்னா எல்லாம் அழுகிடும்” என்று சோனாபதி பதறினாள்.

“வெயில் படாத இலையில எண்ணெய் எங்கக்கா இருக்கும்? என் முறையில உங்க வீட்டுக்காரரே முதல்ல காய்ச்சட்டும்.”

ஹரிநாம் காய்ச்சினார். அத்தனை இலைக்கும் தண்ணீர்மேல் மெல்லிய படலம்தான் மிதந்தது. விறகு ஈரம் என்று ஊரைத் திட்டினார்.

இடி இடிக்கும்போதெல்லாம் ரஜ்வந்தி வயலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தாள். ஆனாலும் அரிவாளைத் தொடவில்லை. ஒருவழியாக மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று அடித்தது. பயிர் அதை வேண்டிய மட்டும் குடிக்கட்டும் என்று விட்டுவைத்து, பிறகு அறுத்து, வாட்டி, காய்ச்சினாள். ஹரிநாமின் இலையில் பாதிகூட இல்லை. ஆனால் எண்ணெய் பாத்திரத்தில் கனமாக ஏறிக்கொண்டே வந்தது.

ஹரிநாம் எட்டிப் பார்த்தார். “விறகு நல்லா காஞ்சிருந்திருக்குன்னு அவகிட்ட சொல்லு.”

சோனாபதி இருவருக்கும் நடுவிலிருந்து விலகி நின்றுகொண்டாள்.

ரஜ்வந்தி முக்காட்டை விலக்கி அவர் முகத்தைப் பார்த்தாள்.

“கோடாலியை நீங்க எடுத்துட்டு வர்றீங்களா, நானே போய் எடுத்துக்கவா?”