அப்பா வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலம்

கனடாவில் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுவதென்றால் வகுப்புக்குப் போய்ச் சோதனை பாஸ் பண்ணி ஒரு அட்டை எடுக்க வேண்டும். அப்பா வேலைக்கு மட்டும் பிள்ளையைக் கையில் தந்துவிட்டு, இனி உன்பாடு என்று போய்விடுவார்கள். நான் அந்த வேலைக்கு எடுபட்டது நாற்பத்திரண்டு வயதில். பகலில் ஒஷாவாவில் கார் சீற் செய்கிற பக்ரறியில் வேலை, வீடு ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம். பதினொரு வருடம் பிள்ளை இல்லாமல் இருந்துவிட்டு, நானும் மனைவி பத்மாவும் வவுனியாப் பக்கத்தில் கன்னியாஸ்திரிமார் நடத்திய ஓர் இல்லத்திலிருந்து சுகந்தி என்ற ஆறு வயதுப் பிள்ளையைத் தத்தெடுத்தோம். தாயும் தகப்பனும் சண்டைக்குள் செத்துப் போனார்கள். தேடி வர வேறு ஒருவரும் இல்லை. இதெல்லாம் தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. என்னைப் போல நடுவயதில் இந்த உத்தியோகத்தில் சேர்ந்தவர்கள் இதை வாசித்தால், பாதியை நீங்களும் பட்டிருப்பீர்கள். மற்றப் பாதி நானாகத் தேடிக்கொண்டது.

மற்றப் பிள்ளைகள்

பத்மா கொழும்பில் ஆறு கிழமை நின்று கடதாசி அலுவல்களை முடித்து, பிள்ளையோடு வந்து இறங்கியது ஒரு கார்த்திகை மாதப் பின்னேரம். நான் லீவு போட்டுவிட்டு, மூன்று அளவில் மூன்று ஜக்கெற் வாங்கிக்கொண்டு விமான நிலையத்தில் நின்றேன். ஆறு வயது என்று சொன்னால் கடைக்காரி இங்கத்தைய ஆறு வயதை நினைத்துத்தான் எடுத்துத் தருவாள் என்று எனக்கு ஓடவில்லை. மூன்றும் பெரிது. ஆகச் சின்னதைப் போட்டாலும் விரல் வெளியே தெரியவில்லை. அவள் சிணுங்கவில்லை. குளிருகிறது என்றுகூடச் சொல்லவில்லை. போட்டுவிட்டபடியே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு அறையாகப் போய் எட்டிப் பார்த்தாள். அலுமாரியைத் திறந்து பார்த்தாள். படியிறங்கி பேஸ்மென்ருக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். வீடு பிடித்துவிட்டதாக்கும் என்று நான் சந்தோஷப்பட்டேன். கடைசியில் பத்மாவுக்கு முன்னால் வந்து நின்று, "மற்றப் பிள்ளையள் எங்கை?" என்று கேட்டாள். இங்கே நீ ஒரு ஆள்தான் என்று பத்மா சொன்னாள். அவள் திரும்பிப் படியைப் பார்த்தாள்.

"அவையளை எல்லாம் கூட்டிக்கொண்டு போட்டினமோ?"

தேத்தண்ணிக்கு வந்தவர்கள்

புதுப் பிள்ளை வந்திருக்கிற வீட்டுக்கு எங்கள் சனம் சொல்லிவிட்டு வருவதில்லை. வான் வண்டி நிறைய வந்து இறங்கும். முதலில் வந்தது பத்மாவின் மச்சாள் குடும்பம், ஏழு பேர். பெல் அடித்த சத்தம் கேட்டதும் சுகந்தி மேலே ஓடினாள். வெட்கம் போல என்று நாங்கள் பேசாமல் இருந்தோம். பத்து நிமிடத்தில் இறங்கி வந்தாள். இல்லத்தில் இருந்து கொண்டுவந்த வெள்ளைச் சட்டை. தலையைத் தண்ணீர் தொட்டுத் தானே வாரி இழுத்திருந்தாள். ரீவிக்கு முன்னால் போய் நின்று, கைகூப்பி வணக்கம் சொல்லி, கையை ஆட்டி ஆட்டி ஒரு பாட்டு முழுக்கப் பாடினாள். பிறகு பெயர், வயது. அதற்குப் பிறகு, "எனக்கு வீடு கூட்டத் தெரியும். உடுப்புத் தோய்க்கத் தெரியும். ராவிலை அழமாட்டன்."

எல்லோரும் கைதட்டினார்கள். மச்சாள் பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு நெஞ்சு நிறையப் பெருமை. இன்னொரு பாட்டுப் பாடு பிள்ளை என்று கேட்டவனும் நான்தான். அதையும் பாடினாள். வான் வெளிக்கிட்டுப் போன பிறகும் அவள் யன்னலடியில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"அவை என்னை எடுக்கேல்லையோ?"

ஒழுங்கான பிள்ளை

பத்மா அதை இல்லத்தில் கண்ணால் கண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்கள் வருவார்கள், பிள்ளைகள் வரிசையாக நின்று பாடுவார்கள், சில வேளை யாராவது ஒரு பிள்ளைக்கு வீடு கிடைக்கும். கன்னியாஸ்திரிமார் நல்லெண்ணத்தில் செய்தது. ஆனால் சுகந்தியின் கணக்கில் எங்கள் வீடும் வழியில் ஒரு இல்லம். பெல் அடித்தால் யாரோ பிள்ளை பார்க்க வந்திருக்கிறார்கள். இனி உன்னை ஒருத்தரும் கொண்டு போகமாட்டார்கள், இது உன் வீடு என்று நாங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்போம். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பாள். அடுத்த முறை பெல் அடித்ததும் வெள்ளைச் சட்டை.

பிள்ளை எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு சமூகசேவை அம்மா வருவார். வயது போன வெள்ளைக்காரி, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை மடித்துக் கார்ப்பெற்றில் இருந்துவிடுவார். அவருக்கும் பாட்டு நடந்தது. அவர் குடித்த கோப்பையை சுகந்தி கொண்டுபோய்க் கழுவி, துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். வந்து மூன்று மாதம், ஒரு நாள்கூட ஒரு குழப்படி இல்லை, ஒரு சொல் மறுத்துக் கதைத்தது இல்லை என்று நான் பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா பேனையை மூடினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்.

"என் வீட்டுப் பிள்ளை இவ்வளவு ஒழுங்காக இருந்தால் எனக்கு நித்திரை வராது."

மாஸ்டரின் கேள்வி

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு எல்லாமே சின்னத்துரை மாஸ்டர்தான். ஊரில் பள்ளிக்கூடம் நடத்தியவர். இங்கே எங்கள் வீட்டுக்குக் கிட்ட, மாடிக் கட்டிடம் ஒன்றில் மகனோடு இருந்தார். கலியாணமோ செத்தவீடோ அவர் வாய் வழியாகத்தான் ஊர்ச் சனத்துக்குப் போய்ச் சேரும். அவர் மனைவியோடு வந்து, பாட்டைக் கேட்டுத் தலையாட்டி, வடையைக் கடித்துக்கொண்டு கேட்டார். "கெட்டிக்காரப் பிள்ளை. எந்தப் பக்கம்? தாய் தேப்பன் என்ன ஆக்கள்?"

என்ன ஆக்கள் என்றால் என்ன சாதி என்று. உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. எங்களுக்கு அது தெரியாது. இல்லத்தில் நாங்கள் கேட்கவும் இல்லை. தெரியாது மாஸ்டர் என்று சொல்லியிருந்தால் முடிந்தது. ஆனால் அது ஒரு கிழமைக்குள் ஸ்காபரோ முழுக்கப் போய்விடும், நாளைக்கு இவளை யார் வீட்டுக்குள் எடுப்பார்கள், யார் கலியாணம் பேசி வருவார்கள் என்று, ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த ஒரு நிமிடத்துக்குள் கலியாணம் மட்டும் யோசித்துவிட்டேன். "என்ர தம்பியின்ர பிள்ளை மாஸ்டர். அவன் வன்னிக்குள்ளை மாட்டுப்பட்டுப் போனான். அதுதான் நாங்கள் எடுத்தனாங்கள்" என்று வாயில் வந்தது. தம்பி உண்மையாகவே சண்டை நடக்கிற வன்னிக்குள்தான் இருந்தான். அங்கே கலியாணமும் கட்டியிருந்தான். ஒன்றரை வருடமாகக் கடிதம் இல்லை. ஒருத்தராலும் பிடிக்க முடியாத பொய் என்று உள்ளுக்குள் கொஞ்சம் மெச்சிக்கொண்டேன். பத்மா குசினி வாசலில் நின்று என்னைப் பார்த்த பார்வையை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். சுகந்தி பாடி முடித்த இடத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மாஸ்டர் திருப்தியாக அடுத்த வடையை எடுத்தார்.

"அப்ப பயமில்லை. சொந்த ரத்தம் எண்டால் ஒண்டும் பிழைக்காது."

கொழும்பிலிருந்து ஒரு போன்

பங்குனி பிறந்தும் பனி கரையாத ஒரு சனிக்கிழமை காலை போன் வந்தது. எடுத்தால் தம்பி. எப்படியோ வன்னியை விட்டு வெளியே வந்து கொழும்பில் நிற்கிறான். "தம்பி, நீயோடா" என்று கத்தினேன். பத்மாவைக் கூப்பிட்டேன். அழுகையும் சிரிப்புமாக அரை மணித்தியாலம் கதைத்தோம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், வாசல் கதவடியில் சுகந்தி. உள்ளே வெள்ளைச் சட்டை, மேலே ஜக்கெற், பனிச் சப்பாத்து, காதை மூடித் தொப்பி, கையுறை. வீட்டுக்குள் ஹீற்றர் போட்டிருந்தது. நெற்றியில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. எங்கே பிள்ளை போகிறாய் என்று கேட்டேன். "உங்கடை தம்பி வந்திட்டார்தானே. நான் வெளிக்கிட்டிட்டன்."

மாஸ்டர் வந்துபோன நாளிலிருந்து அந்தப் பிள்ளை மனதுக்குள் ஒரு தகப்பனை வைத்துக்கொண்டு, அவன் எப்போது வருவான் என்று பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டில் இருந்து சாப்பிட்டிருக்கிறாள். செத்த தகப்பனுக்குப் பதிலாக ஒரு பொய்த் தகப்பனை அவளுக்குக் கொடுத்தவன் நான். அன்றைக்கு வந்த வெட்கம் எனக்கு முன்னும் வந்ததில்லை, பிறகும் வந்ததில்லை. அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்து தொப்பியைக் கழற்றினேன். அவர் உன் அப்பா இல்லை, நான் மாஸ்டருக்குப் பொய் சொல்லிவிட்டேன், உன்னைக் கூட்டிக்கொண்டு போக ஒருத்தரும் வரவில்லை, நீ எங்களுடைய பிள்ளை என்று எனக்குத் தெரிந்த எல்லா மாதிரியும் சொன்னேன். இந்த முறை அவள் "ஓம்" சொல்லவில்லை. சப்பாத்தைக் கழற்றவும் விடவில்லை.

"மாஸ்டருக்குச் சொன்னது பொய்யோ, எனக்குச் சொல்லுறது பொய்யோ?"

ஏழாம் மாடி

"சொன்ன வாயாலை போய்ச் சொல்லிப்போட்டு வாங்கோ. பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கோ" என்றாள் பத்மா. அடுத்த நாள் மாஸ்டர் வீட்டில் சங்கத்துக் கூட்டம் என்று எனக்குத் தெரியும். தனியாக ஒரு நாள் பார்த்துச் சொல்லலாமே என்று மனம் இழுத்தது. அடுத்த நாள் பத்மா எங்கள் இரண்டு பேருடைய சப்பாத்தையும் எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். ஏழாம் மாடியில் எட்டுப் பேர், நடுவில் மிக்ஸர்த் தட்டு. சுகந்தி வெள்ளைச் சட்டையில்தான் வந்திருந்தாள். உள்ளே போனதும் வழக்கம் போல முன்னுக்குப் போய்க் கைகூப்பப் போனாள். நான் அவள் கையைப் பிடித்து என் பக்கத்தில் நிற்பாட்டினேன்.

"மாஸ்டர், இவ என்ர தம்பியின்ர பிள்ளை இல்லை. அண்டைக்குப் பொய் சொன்னனான். இல்லத்திலை இருந்து தத்தெடுத்தனாங்கள். தாய் தேப்பன் என்ன ஆக்கள் எண்டு எங்களுக்குத் தெரியாது. இவ எங்கடை பிள்ளை, சாகும்வரைக்கும் எங்களோடைதான் இருப்பா." மிக்ஸர் எடுத்த கைகள் அப்படியே நின்றன. மாஸ்டரின் மனைவி தேத்தண்ணித் தட்டோடு வந்தவர் குசினி வாசலிலேயே நின்றார், எங்களுக்கு நீட்டவில்லை. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உதை நீ எங்களுக்குச் சொல்லாமலே விட்டிருக்கலாம்" என்றார், கோபம் இல்லாமல். உங்களுக்காகச் சொல்லவில்லை மாஸ்டர் என்றேன். இருந்துவிட்டுப் போ என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த வருட ஒன்றுகூடலுக்கு எங்களுக்கு அழைப்பும் வரவில்லை.

லிஃப்ற்றுக்குள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் என் ஜக்கெற் கையைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கணக்குச் சரிவராத மாதிரி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பாடவே இல்லை. எண்டாலும் நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போறீங்கள்."

அதற்குப் பிறகு யாராவது வந்தால் அவள் ரீவியை விட்டுத் திரும்பியும் பார்ப்பதில்லை, வணக்கம் சொல்லு பிள்ளை என்று கெஞ்சிக் கெஞ்சி எனக்குத் தொண்டை வறண்டு போகும், இதென்ன வளர்ப்பு என்று சனம் கேட்கும், வடிவாகக் கேட்கட்டும்.