எக்செல் தாளில் வந்த ஊர்

சில வருடங்களுக்கு முன், நல்ல மழைக்காலம். கொழும்பில் ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் அறிக்கை தயாரிக்கும் வேலையில் இருந்தேன். என் ஊர் இரத்தினபுரிப் பக்கம், கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதுவும் எங்கள் கம்பெனியின் தோட்டம்தான்.

அப்போது அலுவலகத்தில் புதிய கணினி முறை ஒன்று வந்திருந்தது. கொழுந்து எத்தனை கிலோ, எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், மழை எவ்வளவு என்று ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் தினமும் அதில் பதிவார்கள். ஆனால் அது காட்டிய வண்ணப் படங்கள் எங்கள் மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. பழகிய எக்செல்தான் வேண்டும் என்றார்கள். அதனால் எக்செல் தாளையே அந்த முறையோடு இணைத்துக் கொடுத்தேன். காலையில் ரிஃப்ரெஷ் பட்டனை அழுத்தினால் எல்லாத் தோட்டத்து விபரமும் வந்து நிற்கும்.

பதிகிறவர்கள் விரும்பினால் ஏதாவது எழுத ‘குறிப்பு’ என்று ஓர் இடமும் அதில் இருந்தது. அறிக்கையில் அதை யாரும் கேட்கவில்லை. நான்தான் எனக்காக ஒரு தனித் தாளில் வரவைத்துக்கொண்டேன். எங்கள் தோட்டத்திலிருந்து பதிகிற கிளார்க்கை நான் பார்த்ததே இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார். “பயங்கர பனி, மலையே தெரியல.” “கோயில்ல கரகம் பாலிக்கிறாங்க, ஆள் கொறவு.” ஏசி அறைக்குள் உட்கார்ந்து அதை வாசிக்கும்போது ஊர் நினைப்பு வந்துவிடும். அம்மா இறந்த பிறகு அப்பா அங்கே லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், தனியாக இருந்தார். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும்தான் நான் ஊருக்குப் போவேன்.

அன்று காலை வந்த குறிப்பு இது: “மேல் லயத்துக்குப் பின்னால தரை வெடிச்சிருக்கு. பீலித் தண்ணி செவப்பா வருது.”

குடம் குடமாக நான் தண்ணீர் பிடித்த ஊற்றுக் குழாய் அந்தப் பீலி. எவ்வளவு மழை கொட்டினாலும் அந்தக் குழாயில் தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் விழும். அது சிவந்தால் மேலே மலை நகர்கிறது என்று அர்த்தம். அப்பா இருந்ததும் அந்த மேல் லயத்தில்தான்.

உடனே தோட்டத்து ஆபீசுக்கு போன் போட்டேன். அந்தக் கிளார்க்தான் எடுத்தார். “தொரைக்கு எத்தனையோ தடவ கோல் எடுத்தேன் மிஸ். போன் வேல செய்யல. கொழும்புக்கு மீட்டிங் வந்திருக்காரு” என்றார்.

துரை, அதாவது தோட்டத்து மேனேஜர், இருந்தது எங்கள் மாடியில்தான். அந்த மீட்டிங்கில் திரையில் ஓடிக்கொண்டிருந்ததே என் எக்செல். கதவைத் தட்டிவிட்டு உள்ளே போய், அந்தக் குறிப்புத் தாளைத் திரையில் திறந்து, சிங்களத்தில் சொன்னேன். துரை எழுந்து வெளியே ஓடினார். அங்கிருந்தே தோட்டத்துக்குப் பேசி, மேல் லயத்துச் சனங்களைப் பள்ளிக்கூடத்துக்கு இறக்கச் சொன்னார்.

எல்லாரும் இறங்கினார்கள். அப்பா மட்டும் அசையவில்லை.

“ஒங்கம்மா இருந்த வீடு புள்ள. இத விட்டுட்டு நான் எங்க போறது?” என்றார் போனில்.

“எனக்கு அம்மாவும் இல்ல. நீங்களும் இல்லாம போனா நான் யாரப் பாக்க வருவேன் அப்பா?” என்று அழுதுவிட்டேன். “சரி, அழுவாத. எறங்கிப் போறேன்” என்றார்.

மறுநாள் விடியும்போது மலை சரிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, நான் பிறந்த வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் ஈரமாகக் கிடந்தது.

பள்ளிக்கூடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். கிளார்க் அவர்தான். “யாரும் வாசிக்க மாட்டாங்கன்னு நெனச்சுத்தான் மிஸ், மனசுல பட்டதெல்லாம் எழுதினேன்” என்று கூச்சத்தோடு சிரித்தார். “ஒவ்வொரு நாளும் நான் வாசிச்சேன்” என்றேன்.

அப்பா இப்போது என்னோடு கொழும்பில் இருக்கிறார். ஊர் நினைப்பு வேலைக்கு ஆகாத பலவீனம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அது இல்லையென்றால் அந்தக் குறிப்பை நான் வாசித்திருக்கவே மாட்டேன். திரும்பிப் போக அங்கே ஒரு வீடு இல்லாத இந்த நாளிலும், அந்த ஏக்கம் என்னை விட்டுப் போய்விடக் கூடாது என்றுதான் இருக்கிறது.