ஃபோஸ்கோ கட்டிலுக்கு அடியில் வைத்த ஆறு பாட்டில்

ஃபோஸ்கோவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அந்தப் பன்றித்தொடைக் கதையைத்தான் சொல்வார்கள். உப்புக்கண்டம் போட்டுச் சமையலறை உத்திரத்தில் தொங்கவிட்டான். அடுத்த வருடம் வெட்டியிருக்க வேண்டும். விரலால் தட்டிப் பார்த்து, "இன்னும் ஆகல" என்றான். அதற்கடுத்த வருடமும் அதே பேச்சு. கடைசியில் கத்தியை வைத்தால் இறங்கவில்லை. தச்சன் செட்டிமியோ ரம்பம் கொண்டுவந்து அறுத்தான். ஃபோஸ்கோ எனக்கும் ஒரு துண்டு கொடுத்தனுப்பினான். நாய்க்குப் போட்டேன், அது முகர்ந்து பார்த்துவிட்டுப் போய் வெயிலில் படுத்துக்கொண்டது.

சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் அந்த "இன்னும் ஆகல" என் வாழ்க்கையையே தின்ற பேச்சு. அதனால் ஃபோஸ்கோ கதையை மற்றவர்கள் சொன்னால் எனக்குப் பிடிக்காது, நானேதான் சொல்ல வேண்டும்.

நான் இல்வா. இத்தாலியில் மொந்தால்சினோவுக்குக் கீழே, மலைச்சரிவில் இருக்கும் எங்கள் சின்ன ஊரில் ரொட்டியும் சுருட்டும் விற்கிறேன். சாலை முடிகிற இடத்தில் திராட்சைப் பண்ணை. ஃபோஸ்கோ அங்கே நிலவறைக்காரன், மீசை முளைத்த வயதிலிருந்து.

நிலவறை வேலை தனிமையான வேலை. இரண்டு ஆள் உயரப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். மரம் ஒயினைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். குறைந்த இடத்தில் காற்று உட்கார்ந்தால் புளித்துப் போகும். அதனால் ஏணியில் ஏறி, வாய்வரை நிரப்பிக்கொண்டே வர வேண்டும். காலையில் உள்ளே போனால் பேச்சுத்துணைக்கு ஒரு ஈ காக்கை கிடையாது. பீப்பாயைத் தட்டினால் அது மட்டும் பதில் சொல்லும்.

நான் பண்ணைக்கு ரொட்டி கொண்டுபோகும்போது அவன் சுவை பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன். குழாயைத் திருகிக் கொஞ்சம் பிடிப்பான். அதைக் கிளாஸில் சுழற்றி, அந்த ஒயினாலேயே கிளாஸைக் கழுவி, கீழே கொட்டிவிடுவான். பிறகு மறுபடி பிடிப்பான். வாசல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பான். மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவான். ஒரு வாய் எடுத்து, சாப்பாட்டை மெல்லுவதுபோல மென்று, தரைக்கால்வாயில் துப்புவான். நாக்கை ஈறு முழுக்க ஓட்டித் துவர்ப்பு எவ்வளவு பிடிக்கிறது என்று பார்ப்பான். எங்கள் ஊர் ஒயினான புருனெல்லோ இளசாக இருக்கும்போது வாயையே சுருட்டிவிடும். நாலைந்து வருடம் மரத்தில் கிடந்து, பிறகு பாட்டிலிலும் தூங்கினால்தான் சாந்தமாகும். அதெல்லாம் சரி. ஆனால் ஃபோஸ்கோவுக்கு எந்த ஒயினும் எப்போதும் சாந்தமாகவில்லை.

பண்ணைக்காரம்மா என் கடையிலேயே வைத்துத் திட்டினாள். "இவன் வாயிலிருந்து 'ஆச்சு'ன்னு ஒரு வார்த்தை வரணும்னு காத்திருந்தா, என் பேரன் பேத்திதான் இந்த ஒயின விக்கணும்!"

அவன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். அவ்வளவுதான். அவன் பேச்சை மீறி விற்றார்கள், வாங்கியவர்கள் புகழ்ந்தார்கள். அவன் மட்டும் பிள்ளையைப் பறிகொடுத்தவன் மாதிரி இரண்டு நாள் திரிந்தான்.

சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் என் கடைக்கு வருவான். ரொட்டி, சுருட்டு, ஆட்டுப்பால் சீஸ் ஒரு துண்டு. நின்றுகொண்டே சாப்பிடுவான். நான் கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்திருப்பேன். நான் குள்ளம், எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தொங்கும். "குழந்தைய ஊஞ்சல்ல உக்கார வச்ச மாதிரி இருக்கு" என்று செட்டிமியோ கேலி செய்வான். ஃபோஸ்கோ கேலி செய்யமாட்டான், பார்ப்பான்.

எழுபத்தைந்தாம் வருட ஒயினைப் பாட்டிலில் அடைத்தபோது, வழக்கம்போல ஆளுக்கு ஆறு பாட்டில் கொடுத்தார்கள். மற்றவர்களுடையது கிறிஸ்துமஸுக்குள் தீர்ந்தது. ஃபோஸ்கோ ஒன்றைக்கூடத் தொடவில்லை.

"என்னடா, ஆறையும் அடைகாக்கிற?" என்றான் செட்டிமியோ. கடை நிறைய ஆள்.

"கல்யாணத்துக்கு."

"யாரு கல்யாணத்துக்கு?"

ஃபோஸ்கோ என்னைப் பார்த்தான். உடனே தட்டிலிருந்த சீஸைப் பார்த்தான். "இன்னும் ஆகல" என்றான்.

"எது, ஒயினா? பொண்ணா?"

கடையே குலுங்கிச் சிரித்தது. நான் திரும்பி நின்று சலாமி இறைச்சி வெட்டினேன், விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டேன். அப்போது எனக்கு முப்பது தாண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான், வேறென்ன! விரல் வலித்ததுகூடத் தெரியவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல். அவரை சூப் கொண்டுபோனேன். அப்போதுதான் அவன் வீட்டை முதன்முதலாகப் பார்த்தேன். ஒரு மேசை, ஒரு கட்டில், ஒரே ஒரு நாற்காலி. கட்டிலுக்கு அடியில், வைக்கோல் விரித்து, அந்த ஆறு பாட்டிலும் படுத்திருந்தன. ஊரார் ஒயினையெல்லாம் குளிர்ந்த நிலவறையில் பொத்திப் பொத்தி வைத்தவன், தன்னுடையதை மட்டும் அடுப்புச் சூடு படுகிற அறையில், தன் தலைமாட்டுக்குக் கீழே வைத்திருந்தான்.

"அங்க வைக்க மனசு வரல. இங்கன்னா கிட்டயே இருக்கும்" என்றான்.

நாற்காலியில் உட்கார்ந்து சூப் குடித்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். பாதியில்தான் அதைக் கவனித்தான். ஸ்பூன் அப்படியே நின்றது.

"இன்னொரு நாற்காலி வாங்கணும்" என்றான்.

"வாங்கு, யாரு வேணாம்னா?" என்றேன்.

வாங்கவில்லை.

பிறகு கிரோசெத்தோவிலிருந்து ஒருவர் என்னைப் பெண் கேட்டார். இரும்புக்கடைக்காரர், மனைவியை இழந்தவர், மரியாதையான மனிதர். நான் அதை ஃபோஸ்கோவிடம் வேண்டுமென்றே சொன்னேன். அவன் வாயைத் திறக்க வேண்டும், அதற்காகத்தான் சொன்னேன். அவன் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"அந்த எழுபத்தஞ்சு நல்லா வரும், இல்வா. பொறுமையா வச்சா ரொம்ப நல்லா வரும்" என்றான்.

அடப்பாவி! நான் என்ன பீப்பாயா? ஆனால் கிரோசெத்தோக்காரரிடம் முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். காத்திருந்தாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். காத்திருந்தேன்.

வருடங்கள் போயின. செட்டிமியோவுக்குப் பேரன் பிறந்தான். என் தலை நரைத்தது. ஃபோஸ்கோ தினமும் வந்தான், ரொட்டி வாங்கினான், போனான். கடையை அடைத்துவிட்டு மாடிக்குப் போய் ஒற்றைத் தட்டை வைக்கும்போது, இந்தத் தெருவின் மறுகோடியில் அவனும் ஒற்றைத் தட்டைத்தான் வைப்பான் என்று தோன்றும். ஒரே மழை இரண்டு கூரையிலும் பெய்யும். கோபம் கோபமாக வரும்.

அவன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து பீச்சி என்கிற தடித்த சேமியாவுக்கு மாவு உருட்டிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டினான். வெள்ளைச் சட்டை, முகம் மழித்திருந்தான். கையில் கூடை. கூடையில் ஆறு பாட்டிலும், புதுத் தக்கைகளும்.

"குறைஞ்சு போச்சு, இல்வா. கழுத்துக்குக் கீழ இறங்கிருச்சு. நிரப்பணும்" என்றான்.

பழைய ஒயினுக்கு எங்கள் பக்கத்தில் இது வழக்கம். தக்கை தளர்ந்து, பாட்டிலில் ஒயின் இறங்கிவிட்டால், எல்லாவற்றையும் திறந்து சுவை பார்த்து, ஒன்றைப் பலி கொடுத்து மற்றவற்றை நிரப்புவார்கள். அதே வருட ஒயினால்தான் நிரப்ப வேண்டும். கெட்டுப்போனதைச் சேர்க்கக் கூடாது. பலி கொடுத்த பாட்டிலில் மிஞ்சுவதை அன்றைக்கே குடித்துவிட வேண்டும். அதைத் தனியாகக் குடிக்கக் கூடாது, இரண்டு பேராவது வேண்டும்.

இரண்டு பேர். என் நெஞ்சு எப்படி அடித்தது என்று எனக்குத்தான் தெரியும். அறுபது வயது தாண்டிய கிழவிக்கு வெட்கமா என்று நினைக்காதீர்கள். மாவுக்கையைக் கழுவி, ஏப்ரனைக் கழற்றி எறிந்து, நல்ல கிளாஸ் இரண்டு எடுத்து வைத்தேன். சொல்லப்போகிறான், இன்றைக்குச் சொல்லாவிட்டால் என்றைக்குமே இல்லை என்று நினைத்தேன்.

முதல் பாட்டிலைத் திறந்தான். தக்கை பொடிப்பொடியாக வந்தது. கிளாஸைக் கழுவி, ஊற்றி, முகர்ந்தான். நானும் முகர்ந்தேன், இந்த மண்ணில் பிறந்த எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? ஈரத்துணி வாடை. நிறம் பழைய டிகாக்ஷன் மாதிரி. செத்துப்போன ஒயின்.

அவன் அதை ஓரமாக வைத்தான். இரண்டாவதைத் திறந்தான். புளித்துக் காடியாகியிருந்தது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. ஐந்தாவதையும் திறந்து முகர்ந்துவிட்டுத் தள்ளி வைத்தான்.

"நான்தான் கெடுத்துட்டேன். அடுப்புப் பக்கத்துல வச்சு நானே கெடுத்துட்டேன்" என்றான்.

"அடுப்பு கெடுக்கலய்யா" என்றேன். ஆறாவதை அவன் பக்கம் நகர்த்தினேன்.

ஆறாவது பாட்டில் கட்டிலுக்கு அடியில் வெளிச்சுவரை ஒட்டிக் குளிரில் கிடந்ததாம். தக்கை முழுதாக வந்தது. ஊற்றினான். ஓரத்தில் செங்கல் நிறம், நடுவில் இன்னும் சிவப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கே வாசம் வந்தது. காய்ந்த செர்ரி, சுருட்டிலை, மழை பெய்த பிறகு தோட்டம். அவன் ஒரு சொட்டு நாக்கில் வைத்தான். முகம் மாறியது. உடனே அவன் கை எங்கே போனது தெரியுமா? புதுத் தக்கைக்கு!

"இது தாங்கும். நிரப்ப வேற இல்லன்னாலும் பரவால்ல, இன்னும் கொஞ்ச நாள்..."

நான் பாட்டில் வாயை உள்ளங்கையால் மூடினேன்.

"தக்கைய வச்ச, கைய ஒடிச்சு அடுப்புல போட்ருவேன். ஊத்துய்யா!"

வெலவெலத்துப்போய் ஊற்றினான். குடித்தோம். துவர்ப்பு எங்கேயோ தூரத்தில் இருந்தது, பட்டுத்துணியால் துடைத்ததுபோல இறங்கியது. என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் குடித்ததில்லை. அவன் துப்பவில்லை, விழுங்கினான். கண்ணில் நீர் கட்டியது.

"ஆச்சு" என்றான். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "இது எப்பவோ ஆயிருச்சு, இல்வா. பல வருஷம் முன்னாடியே ஆயிருச்சு" என்றான்.

"தெரியும்" என்றேன்.

பாட்டில் தீரும்வரை உட்கார்ந்திருந்தோம். பீச்சி வேகவைத்துப் போட்டேன், முதன்முறையாக என் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். மேசைக்கு அடியில் என் கால் வழக்கம்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது வாசலில் நின்று, "என் வீட்ல ஒரு நாற்காலிதான் இருக்கு" என்றான்.

"எனக்குத் தெரியாதா?"

"செட்டிமியோகிட்ட இன்னொண்ணு செய்யச் சொல்லப்போறேன். வந்ததும்... வந்ததும் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

"இப்பவே கேளேன்யா."

"உன்னைக் கூப்பிட்டு நிக்க வச்சா நல்லாருக்காது. நாற்காலி வரட்டும்" என்றான். போய்விட்டான்.

மறுநாளே சொல்லியும் விட்டான். செட்டிமியோவின் பட்டறையில் தயாராகவே நாற்காலிகள் கிடந்தன. இவன் வேண்டாமென்றான். வாதுமை மரத்தில் புதிதாகச் செய்யச் சொன்னான். வாரா வாரம் போய்ப் பலகையைத் தட்டிப் பார்த்தான்.

செட்டிமியோ என் கடையில் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "மரம் காஞ்சு எலும்பாட்டம் இருக்கு! 'இன்னும் ஈரம் இருக்கு, ஆகல'ங்கிறான். இவன என்ன பண்றது சொல்லு!"

நான் சிரித்தேன். இவ்வளவு காலம் போயிற்று, ஒரு நாற்காலிக்கு என்ன அவசரம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரியில் பனி கொட்டிய ஒரு சாயங்காலம் ஃபோஸ்கோ ரொட்டிக்கு வரவில்லை. நானே எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் படுத்திருந்தான், அடுப்பு அணைந்திருந்தது. தூக்கத்திலேயே போயிருக்கிறான். அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்து, ஆட்கள் வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே இருந்தேன். வாய் ஓயும்வரை திட்டினேன்.

வசந்தத்தில் ஒருநாள் காலை, கடை திறப்பதற்கு முன், செட்டிமியோ தோளில் நாற்காலியோடு வந்தான்.

"வேற யார்கிட்ட குடுக்கிறது? இது யாருக்குன்னு அவன் வாயத் திறந்து சொல்லவே இல்ல. உசரம் மட்டும் சொன்னான், விரலால தரையிலேருந்து காட்டினான். 'குட்டையா இருக்கேடா, பிள்ளைங்க நாற்காலியா'ன்னு கேட்டேன். 'இல்ல, கால் தரையில படணும்'னான்."

கல்லாவுக்குப் பின்னால் போட்டான். நான் உட்கார்ந்தேன். இரண்டு பாதமும் தரையில் அழுத்தமாகப் பட்டன. ஃபோஸ்கோ ஒருநாளும் என்னை அளவெடுத்ததில்லை.

"சரியா இருக்கா?" என்று கேட்டான் செட்டிமியோ.

 வெளியே ரொட்டிக்கு ஆட்கள் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து திறக்கவில்லை.