நாற்பத்தொரு டிகிரி

ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் கம்பியை இறக்கும்போது பாவாடை யாரோடும் பேசமாட்டார். கம்பியின் நுனியில் வெப்பமானி. முழம் முழமாக எண்ணி விடுவார். முந்நூறு அடி போனதும் கம்பியைக் காலால் மிதித்துக்கொண்டு பீடி பற்றவைப்பார். "அவசரப்பட்டா பூமி பொய் சொல்லும் சார்."

பூமிக்கடியில் எங்கே சூடு இருக்கிறது, அதில் மின்சாரம் எடுக்க முடியுமா என்று நாடெங்கும் அளக்கிறார்கள். அந்தக் குழுவில் ஐந்து வருஷமாகத் தினக்கூலி. வடக்கே கொதிக்கும் ஊற்றில் அரிசியைத் துணியில் கட்டிப் போட்டால் சோறாகிவிடும் என்று அதிகாரி தீனதயாளன் சொன்னதை இவர் நம்பவில்லை. "நம்ம பக்கம் இன்னா இருக்குது, வெறும் பாறை. கரியாலூர் மலையில மேலயும் சில்லுன்னு, கீழயும் சில்லுன்னு." முப்பத்தாறு டிகிரிக்கு மேல் இங்கே எந்தக் கிணறும் காட்டியதில்லை.

சொந்த ஊர் திருநாவலூர் பக்கம். எண்பத்தேழு செப்டம்பரில் சாதிசனம் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலைகளை மறித்தபோது, பக்கத்து வீட்டு இளவரசனோடு போய்ப் புளியமரத்தை வெட்டிச் சாலையின் குறுக்கே சாய்த்தார். மகள் எழில்மதி பத்தாவதில் நானூறு மார்க். "டீச்சருக்குப் படிக்கணும்னு சொல்லிக்கினு இருந்தா. சீட்டு வாணாமா?"

மறியலின் மூன்றாம் நாள் அவளுக்குக் காய்ச்சல், பிதற்றல். ஜீப் நகர வழியில்லாமல் ஊரிலேயே மாட்டிக்கொண்டிருந்த தீனதயாளன், கையிலிருந்த வெப்பமானியை அவள் அக்குளில் வைத்தார். நாற்பத்தொன்று.

"கம்மியா சொல்லுங்க சார்" என்றாராம் பாவாடை.

கயிற்றுக் கட்டிலில் கிடத்தி, இளவரசனும் இவரும் உளுந்தூர்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியெல்லாம் மரங்கள். இவர்கள் வெட்டியதுதான் எல்லாவற்றிலும் பெரிது. கிளைகளுக்குள் வழி தேடியே அரைமணி போயிற்று. மறியலில் நின்றவர்கள் ஓடிவந்து கட்டிலை வாங்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். பாவாடை மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சூடு இறங்கியிருந்தது.

"தேவலாம்டா, வுட்டுடுச்சி" என்றார்.

இளவரசனும் தொட்டுப் பார்த்தான். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டிலைத் தூக்கினான். இன்னும் இரண்டு மைல் நடந்தார்கள்.

இந்த ஆண்டு, எண்பத்தொன்பதில், இருபது சதவீத இடஒதுக்கீட்டு உத்தரவு வந்த அன்று, இளவரசன் ஜிலேபித் தட்டோடு வீடு வீடாக வந்தான். பாவாடையின் வாசலில் தயங்கி நின்றான்.

"பொட்டப் புள்ளைங்களுக்கும் உண்டா?"

"உண்டு சித்தப்பா."

பாவாடை ஒன்றை எடுத்து நின்றபடியே தின்று முடித்தார். பிறகு மறுபடியும் கையை நீட்டினார்.