வெயில் என்று சொன்னேன்

பொரியைக் கொன்றவள் நான்தான். வெயில் தாங்காமல் செத்துவிட்டது என்று நந்தினியிடம் சொன்னது பொய்... உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

பொரி ஒரு வெள்ளை எலி. பக்கத்து வீட்டு நந்தினியின் கையிலேயே வளர்ந்தது. கோயம்புத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போகும் அன்று அதைக் கூண்டோடு கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். என் வீட்டில் ஏற்கெனவே மூன்று ஆண் எலிகள் ஒரே கூண்டில் ஒற்றுமையாக இருந்தன.

"வளந்த எலியப் புதுசாச் சேக்கறது சிரமமுங்க அக்கா. பதினஞ்சு நாளு ரெண்டு கூண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பழக்குங்க. எடுத்ததும் உள்ள உட்றாதீங்க" என்றாள்.

தலையாட்டினேன். மனத்துக்குள் சிரித்தேன்! புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணையில் இருபது ஆண்டாக வேலை பார்ப்பவள் நான். ஒரு கூண்டில் கோழி செத்தால், வேறு கூண்டுக் கோழியைப் பிடித்து அங்கே போடுவோம். கொத்திக்கொள்ளும். இரண்டு நாளில் அடங்கிவிடும். யாரும் நின்று பார்ப்பதில்லை. இந்தச் சின்னப் பெண் எனக்குச் சொல்லித்தருவதா?

நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். எனக்குள் அந்தக் கர்வம் எங்கே இருந்தது?

மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்பும்முன் பொரியை அந்த மூன்றோடு விட்டேன். செருப்பை மாட்டும்போதே கீச்சிடும் சத்தம் கேட்டது. திரும்பிப் போய்ப் பார்த்திருக்கலாம்... பஸ்ஸுக்கு நேரமும் இருந்தது. அடங்கிவிடும் என்று கதவைப் பூட்டினேன்.

மாலையில் பொரி மூலையில் விறைத்துக் கிடந்தது. முதுகெல்லாம் கடி. தண்ணீர்ப் புட்டிக்குப் பின்னால் தலையை மட்டும் நுழைத்திருந்தது. அந்தக் கூண்டில் ஒளிய வேறு இடம் ஏது?

போனில் பொய்யைச் சொன்னேன். அவள் அழுதுவிட்டாள். பிறகு, "என் தப்புதானுங்க அக்கா. உங்களுது தகரக் கூரை ஊடுன்னு தெரிஞ்சேதான் உட்டுட்டு வந்தேன்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டாமா? 'அழாத சாமி' என்றேன். அவ்வளவுதான்!

சித்திரையில் விடுமுறைக்கு வந்தவள், ஒரு சின்ன மின்விசிறி வாங்கிவந்தாள். என் எலிக்கூண்டுக்கு நேராக அதைத் திருப்பி வைத்துக் கம்பியால் கட்டினாள். "இதுங்களாவது நல்லாருக்கட்டுங்க" என்றாள். காற்று பட்டதும் மூன்றும் கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டின. அவள் சிரித்தாள்.

சொல்லிவிட வாயெடுத்தேன்... டீ குடிக்கிறாயா என்றுதான் வந்தது.

அவள் விடுதிக்குத் திரும்பிவிட்டாள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அந்த விசிறியைப் போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறேன்.