தம்பியின் மயில் வண்டி

என் தம்பிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் ஊரே சொன்னது. நானும் சொன்னேன். வளைகுடாவில் வெல்டராக இருந்துவிட்டு வந்தவன் நிலம் வாங்கவில்லை, மாடி எடுக்கவில்லை. ஓடி ஓய்ந்த ஒரு அம்பாசிடர் காரை வாங்கிவந்து, கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்களுக்கிருந்த முந்திரித் தோப்பில் நிறுத்தி, அதன் கூரையை கேஸ் கட்டரால் அறுத்து எறிந்தான். கேட்டால், காரை மயிலாக்கப் போகிறானாம், கல்யாண ஊர்வலத்துக்கு. தலையில் அடித்துக்கொண்டேன்.

விராலிமலைக்குப் போய் இரண்டு நாள் மயில்களைப் போனில் படம்பிடித்தான். கம்பியை வளைத்து, பைபர் பூசி, முன்னால் கழுத்து வைத்தான். பின்னால் தகரத்தில் தோகை. தோகையின் கண்களுக்கு என்ன செய்தான் தெரியுமா? யாரும் சீந்தாத பழைய சிடிக்களை மூட்டையாகக் கொண்டுவந்தான். அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் உட்கார்ந்து அவற்றுக்குப் பச்சையும் நீலமும் பூசி ஒட்டினாள். படிக்கிற பிள்ளையைக் கெடுக்கிறான் என்று நான் கத்தாத நாளில்லை.

"தாய்மாமன் சீரு இந்த வண்டிதாங்கா. இவ கல்யாணத்துக்கு இதுலதான் ஊர்வலம் போவா" என்பான். அவளும் தலையைத் தலையை ஆட்டுவாள்.

கார்க் கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் பீய்ச்சுகிற சின்ன மோட்டாரைக் கழற்றி மயிலின் அலகோடு இணைத்திருந்தான். பொத்தானை அழுத்தினால் எதிரே நிற்பவர்கள்மேல் பன்னீர் தெறிக்கும். ரிவர்ஸ் எடுத்தால் ஹாரனுக்குப் பதில் மயில் அகவும். சிரித்தவர்களே தேதி சொல்லிவிட்டுப் போக வந்தார்கள். ஆவணி முகூர்த்தங்களில் அவனைக் கையில் பிடிக்க முடியாது. ஆவுடையார்கோவில், கோட்டைப்பட்டினம் வரைக்கும் மயில் போய்வந்தது. உள்ளுக்குள் எனக்கும் பெருமைதான், வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

அந்த ஐப்பசியில் அப்பா இறந்தார். விடாத மழை. சுடுகாட்டுக்குப் போகும் கண்மாய்க் கரை உடைந்து கிடந்தது. டவுனில் சொல்லியிருந்த அமரர் ஊர்தி, தரைப்பாலத்தில் வெள்ளம் என்று திரும்பிவிட்டது. தார்ரோட்டைச் சுற்றிப் போக வழி இருந்தது, ஆனால் அவ்வளவு தூரம் தோளில் தூக்கிப்போக முடியாது. மறுநாளும் ஆகிவிட்டது. அப்பாவை இன்னும் எவ்வளவு நேரம்தான் வைத்திருப்பது? எனக்கு வெறி பிடித்ததுபோல் இருந்தது. அத்தனை பேர் முன்னால் தம்பியிடம், அப்பாவை உன் வண்டியில் ஏற்று என்றேன்.

அவன் என்னைத் தனியே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான். "அக்கா, அது கல்யாண வண்டிக்கா."

"பெத்த அப்பனவிட ஒனக்கு வண்டி பெருசாப் போச்சா?"

கேட்டுவிட்டேன். நாக்கில் எலும்பில்லை எனக்கு. அவன் தோப்புக்குப் போனான். வண்டியைக் கொண்டுவந்தான். யாரோ மயிலின் கழுத்தில் வெள்ளை வேட்டியைச் சுற்றிவிட்டார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவோம். நான் அங்கே நின்று பார்த்தேன். மழையில் அந்தத் தோகை ஆடி ஆடிப் போனது.

ஊரில் எவனோ அதைப் படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். தை பிறந்தது, முகூர்த்தம் வந்தது, ஆள் வரவில்லை. தேதி சொல்லியிருந்தவர்கள் ஒவ்வொருவராக, ரொம்ப மரியாதையாக, வேற வண்டி சொல்லியாச்சுங்க என்று போனை வைத்தார்கள். தம்பி வண்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவினான், கோயில் வாசலில் நிறுத்திப் பூசை போட்டான், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் வீட்டு எழவுக்கு வண்டி வேண்டுமாம். அவர்களை அனுப்பிவிட்டு, அன்று முழுக்க அவன் சாப்பிடவில்லை. அதன்பிறகு ஊர் ஊராக கேட் வேலைக்கும் ஷட்டர் வேலைக்கும் போக ஆரம்பித்தான். தோப்பில் மயிலின் பின்சீட்டில் கோழி அடைகாத்தது.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு அறந்தாங்கிக்கு அங்கிட்டு. அவர்களுக்கு மயிலும் தெரியாது, மழையும் தெரியாது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் புதுக்கோட்டையில் ஒரு வெள்ளைக் காரைச் சொன்னேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பாவைப் படுக்கவைத்த இடத்தில் என் பிள்ளை உட்காருவதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அன்றைக்குப் பெத்த அப்பன் என்று கத்தியவளும் நான்தானே? தம்பியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே கல்யாண நாளும் வந்துவிட்டது.

தாலி கட்டி முடித்ததும் மண்டபத்திலிருந்து கோயிலுக்கு ஊர்வலம். மண்டபத்துக்குப் பின்பக்கம் மயில் அகவியது. கோழியை விரட்டிவிட்டு எப்போது அதை ஓடவைத்தானோ தெரியாது. தம்பி வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தான். கையில் பன்னீர் பாட்டில். வாசலில் பூச் சுற்றி நின்ற வெள்ளைக் காரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். பாட்டிலை என் கையில் கொடுத்தான்.

அதற்குள் மகள் மாலையும் கழுத்துமாக வாசலுக்கு வந்துவிட்டாள். "மாமா வண்டி எங்கம்மா?"

"ரிப்பேராம்" என்றேன்.

"இப்பத்தானே ரிவர்ஸ் எடுத்த சத்தம் கேட்டுச்சு?"

தம்பிதான் முன்னால் வந்து அந்தக் காரின் கதவைத் திறந்துவிட்டான்.

"அது நெச மயிலு எதாச்சும் கத்தியிருக்கும் ஆத்தா. நம்ம வண்டி ரிப்பேருதான். நீ ஏறு."