முதலாளிக்குச் சர்க்கரை

போடி கடைவீதியில் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு இரண்டு முதலாளிகள். ஒருவர் என் அப்பா. மற்றவன் பூனை. மலைத்தோட்டத்திலிருந்து ஜீப்பில் வந்த ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவே குட்டியாக வந்து இறங்கியவன், கல்லாவுக்குப் பின்னாலிருந்த மெத்தையைப் பார்த்தான், ஏறி உட்கார்ந்தான், அவ்வளவுதான். அப்பா ஸ்டூலுக்கு இடம் மாறினார். சரக்கு வாங்க வருகிறவர்கள், "என்ன மொதலாளி, சௌக்கியமா?" என்று பூனையை விசாரித்துவிட்டுத்தான் அப்பாவிடம் விலையே பேசுவார்கள். அப்பாவுக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். ஆனால் அவன் வந்த பிறகு குடோனில் எலி நடமாட்டமே இல்லை என்பதால் வாயைத் திறக்கவில்லை.

நல்ல கொழுகொழு கடுவன். கடைவீதி முழுக்க அவனுக்குச் சாப்பாடு இருந்தது. டீக்கடையில் சீனி போட்ட பால், பேக்கரியில் பன், அதெல்லாம் போகக் கடைக்குப் பின்னாலேயே இருந்த எங்கள் வீட்டில் மீன் குழம்புச் சோறு. அப்படி வளர்ந்தவன் நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் திடீரென்று இளைக்க ஆரம்பித்தான். தின்பதில் ஒரு குறையும் இல்லை. தண்ணீரைக் கண்டால் மட்டும் விடமாட்டான், கண்ட இடத்தில் ஒன்றுக்கும் இருந்து வைப்பான். ஒருநாள் அது ஏலக்காய் மூட்டை மேலேயே நடந்துவிட்டது. அப்பா கொதித்துப்போய், "இவன வந்த ஜீப்புலயே மலைக்கு ஏத்தி விட்ருவோம்" என்றார்.

அப்போது அத்தைதான் குறுக்கே வந்தாள். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள், மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூனையைத் தூக்கி மடியில் வைத்து அதன் விலா எலும்பைத் தடவிப் பார்த்தவள், "அண்ணே, இதுக்குச் சுகரா இருக்கும்ணே" என்றாள். அப்பா வெடுக்கென்று தெருப்பக்கம் திரும்பி யாராவது கேட்டுவிட்டார்களா என்று பார்த்தார்.

அவர் ஏன் அப்படிப் பார்த்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அத்தைக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் உள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிற்றில் இன்சுலின் போட்டுக்கொள்வாள். வெளியே தெரிந்தால் ஒரு வரன் படியேறாது என்று வீடே வாயைக் கட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அம்மா சொல்லிவைத்தது வேறு. அது சத்து ஊசியாம், வெளியே சொன்னால் பல் விழுந்துவிடுமாம். அந்த வருஷம் எனக்குப் பல் இரண்டு ஏற்கெனவே விழுந்திருந்தன. மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டி நான் மூச்சு விடவில்லை.

தேனியில் ஒரு பிராணி டாக்டரிடம் கூடையில் வைத்துக் கொண்டுபோனோம். ரத்தம் எடுத்துப் பார்த்தவர், அத்தை சொன்னதையே சொன்னார். சர்க்கரைதான், அதுவும் எக்கச்சக்கம். தினமும் காலையிலும் சாயங்காலமும் இன்சுலின் போட வேண்டும், வீட்டிலேயே ரத்தமும் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்காது. "வீட்டுல யாருக்காச்சும் ஊசி போடத் தெரியுமா?" என்று கேட்டார். "எங்க வீட்டுல யாருக்கும் தெரியாதுங்க" என்று அப்பாவும், "நான் போடுறேன் சார்" என்று அத்தையும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்படித் தெரியும்னு எவனாச்சும் கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். அத்தை, "இது செத்தா என்ன சொல்றதுன்னு யோசிச்சீகளாண்ணே?" என்றாள். ஆண்டிபட்டி வரைக்கும் கேட்டிருக்கும், அப்படி ஒரு குரல். கடைசியில் அப்பாவே ஒரு வழி கண்டுபிடித்தார். தங்கச்சி ஆறு மாசம் நர்சிங் கோர்ஸ் படித்தவள் என்று கடைவீதியில் ஒரு புளுகை அவிழ்த்து விட்டார். அதை நம்பி எதிர்க்கடைக்காரர் மறுநாளே பிரஷர் பார்க்கச் சொல்லிச் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றது தனிக் கூத்து.

முதலாளியின் வைத்தியம் தொடங்கியது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை அத்தை அவன் காதில் சற்றுநேரம் ஒத்தி வைப்பாள். காது சூடானதும் ஓரத்தில் ஊசி நுனியால் ஒரு குத்து. கடுகளவு ரத்தம் துளிர்க்கும். மெஷினில் செருகிய பட்டையின் நுனியை அதில் தொட்டால் உறிஞ்சிக்கொள்ளும், சற்றைக்கெல்லாம் எண் வந்துவிடும். ஊசி போடுவது அதைவிட லேசு. அவன் தட்டில் தலையைக் கவிழ்த்துத் தின்றுகொண்டிருக்கும்போது முதுகுத் தோலை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து அடியில் சொருகி எடுத்துவிடுவாள். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டான்.

"வயித்துல சோறு எறங்குனாத்தான் ஊசி. சோறு இல்லாம மருந்து மட்டும் போச்சுன்னா ஆளே காலி" என்று அத்தை எல்லாரிடமும் படித்துப் படித்துச் சொன்னாள். டீக்கடைக்கும் பேக்கரிக்கும் நேரில் போய்ச் சண்டை போட்டாள். நான் என் பங்குக்கு, "எனக்குச் சர்க்கரை. பால் பன் தராதீர்கள்" என்று அட்டையில் எழுதி அவன் கழுத்தில் மாட்டிவிட்டேன். படிக்கத் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாம் நின்று பார்த்தான். பூனைக்குச் சுகராமே என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த ஊர், ஒரு மாசத்தில், "இன்னைக்கி மொதலாளிக்கு எம்புட்டு?" என்று கிரிக்கெட் ஸ்கோர் கேட்கிற மாதிரி கேட்க ஆரம்பித்தது. எண் இறங்க இறங்க அவன் உடம்பு தேறியது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சின்னமனூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். நல்ல இடம், பையன் பேங்க் வேலை. அப்பா மூன்று நாளாகத் தூங்கவில்லை. அன்று காலையில் அத்தை பட்டுச்சேலையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு முதலாளிக்கு மீனும் சோறும் வைத்தாள். அவன் நாலு வாய் தின்றதும் வழக்கம்போல ஊசியைப் போட்டுவிட்டுத் தலைவாரப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து, "கெளம்பிட்டோம்" என்று சின்னமனூர்க்காரர்களிடமிருந்து போன் வந்தது.

அப்பாவுக்கு அவசரத்தில் கண் மண் தெரியவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் வாசலில் கால் வைக்கும்போது பூனை குறுக்கே போய்விட்டால் என்ன ஆவது? தின்றுகொண்டிருந்தவனைத் தட்டிலிருந்து அப்படியே தூக்கிக்கொண்டுபோய்க் குடோனில் போட்டுக் கதவைச் சாத்தினார். தட்டை அம்மா எடுத்துக் கழுவிவிட்டாள். ஊசி போட்டது அப்பாவுக்குத் தெரியாது. கதவு சாத்தியது அத்தைக்குத் தெரியாது.

வந்தவர்களோ நேரே வரவில்லை. வழியில் வீரபாண்டியில் இறங்கிக் கோயிலில் கும்பிட்டு, சாவகாசமாக வெயில் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன் என்று மூன்று பேர். கேசரியும் பஜ்ஜியும் தட்டுகளில் போயின. பெரியவர்கள் மழையைப் பற்றியும் முல்லைப்பெரியாறு தண்ணீரைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எனக்குச் சலிப்புத் தட்டியது. முதலாளியோடு விளையாடலாமென்று குடோனைத் திறந்தேன்.

அவன் மூட்டைக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தான். எழுந்து வரப் பார்த்தான், கால் நிற்கவில்லை. தலை ஆடியது. வாயில் எச்சில் வழிந்தது. நான் வீடு அதிரக் கத்திக்கொண்டு நடுக்கூடத்துக்கு ஓடினேன். "அத்தே! மொதலாளி சாகப் போறாரு!"

சின்னமனூர்க்காரர்கள் பதறிப்போய் எதிரே கல்லு மாதிரி உட்கார்ந்திருந்த என் அப்பாவைப் பார்த்தார்கள். அத்தை அப்போதுதான் காபித் தட்டோடு வந்து நின்றிருந்தாள். தட்டை அப்படியே மாப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பூனையை அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்து, வெளிச்சத்தில், பட்டுச்சேலையோடு தரையில் சப்பென்று உட்கார்ந்தாள்.

"மிஷின எடு புள்ள! மதினி, தேன் பாட்டில், சீக்கிரம்!"

காதில் குத்தினாள். எண் வரவேயில்லை. 'லோ' என்று மட்டும் காட்டியது. அத்தை விரலில் தேனைத் தொட்டு அவன் ஈறில் தேய்த்தாள். மறுபடியும் தொட்டாள், மறுபடியும் தேய்த்தாள்.

"ஏம்மா, கழுத்து அட்டையில சர்க்கரைன்னு எழுதியிருக்கு, அதுக்குப் போய்த் தேனக் குடுக்குற? கொன்றாதம்மா" என்றார் தாய்மாமன்.

அத்தை நிமிரவே இல்லை. "சுகரு ஏறிக் கெடந்தா நாளைக்கிப் பாத்துக்கிறலாம். எறங்குச்சுன்னா இப்பவே பாக்கணும். எனக்கு எத்தன தடவ எறங்கியிருக்கு, எனக்குத் தெரியாதா?"



"ஒனக்கா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"அது வந்துங்க... தங்கச்சி நர்சிங் கோர்ஸ்..." என்று அப்பா எழுந்தார்.

"எந்தக் கோர்ஸும் இல்லம்மா" என்றாள் அத்தை. விரல் ஈறில் தேய்த்துக்கொண்டேதான் இருந்தது. "பத்தாப்பு படிக்கையில வந்துச்சு. தெனமும் ஊசி போட்டுக்கிறேன். நல்லாத்தான் இருக்கேன். மறைச்சுக் கட்டி வைக்கலாம்னு பாத்தாக, நானும் வாய மூடிட்டு இருந்தேன். இனிமே முடியாது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் நாக்கு மெல்ல வெளியே வந்து அத்தையின் விரலை நக்கியது. பிறகு தும்மினான். பிறகு, இத்தனை ஜனம் எதற்கு என் வீட்டில் என்பதுபோலச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தான். நான் கையைத் தட்டிக்கொண்டு துள்ளிக் குதித்தேன். என்னோடு கை தட்டிய ஒரே ஆள் மாப்பிள்ளைதான். அவரையும் அவருடைய அம்மா முறைத்தார். அத்தை மட்டும் கண்ணில் தண்ணீர் ஓடச் சிரித்துக்கொண்டு, அம்மா கொண்டுவந்த மீனை அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள்.

போய்த் தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் கிளம்பினார்கள். வாசலில் செருப்பைப் போடும்போது, வயிறு நிறைந்த முதலாளி வாலைத் தூக்கிக்கொண்டு மூன்று பேருக்கும் குறுக்கே நடந்துபோய் வெயிலில் படுத்தான். தகவல் எதுவும் வரவில்லை. அவர்களுக்குப் பூனை பிடிக்காது போலிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அத்தைக்கும் முதலாளிக்கும் ஒரே வியாதி, ஒரே மருந்து என்று தெரிந்ததில் எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. பல்லைப் பற்றிய பயமும் போயிற்று.

செய்தி கடைவீதிக்கு வர எத்தனை நேரம் ஆகும்? சாயங்காலமே எதிர்க்கடைக்காரர் வந்து குரலைத் தாழ்த்தி, "ஒங்க தங்கச்சிக்குச் சுகருன்னு என்னமோ பேசிக்கிறாக..." என்று இழுத்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தராசிலிருந்து கையை எடுத்தார். "ஆமாய்யா, இருக்கு. பூனைக்கும் இருக்கு. ரெண்டையும் அவதான் பாக்குறா. தேனி டாக்டரே அவகிட்டக் கேட்டுத்தான் பேசுறாரு, தெரியும்ல?" என்றார், தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி. கடைசியில் சொன்னது சுத்தப் பொய். ஆனால் நர்சிங் கோர்ஸைவிட நல்ல பொய்.

போகப் போக டாக்டர் முதலாளியின் மருந்து அளவைக் குறைத்தார். பின்னொரு நாள், இனி ஊசியே தேவையில்லை, சாப்பாட்டில் மட்டும் கவனமாக இருந்தால் போதும், சில பூனைகளுக்கு இப்படி ஆவதுண்டு என்றார். ஜெயித்துவிட்டோம் என்று நான் கடைவீதியில் கடை கடையாகப் போய்ச் சொன்னேன். முதலாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு நானே வழிகாட்டி. அவன் காதைத் திருப்பிக் குத்திய இடத்தைக் காட்டி, தேன் தடவிய கதையை நடித்தும் காட்டுவேன்.

அப்படி ஒருநாள் அனுமந்தன்பட்டியிலிருந்து ஓர் அம்மாவும் அவருடைய மகளும் எங்கள் கடையை விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அந்த அக்கா பத்தாம் வகுப்போ என்னவோ, சீருடையில் இருந்தாள், தலையைத் தூக்கவே இல்லை. நான் ஓடிப்போய் முதலாளியைத் தூக்கி வந்து அவளுக்கு முன்னால் நீட்டினேன். அவள் அவனைப் பார்க்கவில்லை. அத்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்கும் இருக்கு ஆத்தா. யாருக்கும் சொல்லல, இவ அப்பா வீட்டு ஆளுகளுக்குக்கூடத் தெரியாது. ஒன்னப் பத்திக் கேள்விப்பட்டு வந்தோம்" என்றார். அத்தை அந்த அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். என்ன பேசினார்களோ, மூன்று பேரும் அழுதார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது அந்த அக்கா நிமிர்ந்து நடந்து போனாள்.

முதலாளி கனத்தான், எனக்குக் கை கடுத்தது. அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தவர்கள், ஊரே கொண்டாடுகிற பூனையை ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்காமல் போகிறார்களே, இப்படியும் ஜனங்கள் உண்டா என்று அன்று முழுக்க எனக்கு ஆத்திரமாக இருந்தது.